‘எங்கிட்டயே பத்திரமா?’: நண்பனோட தொழில் தொடங்கறதைப் பத்தி

இந்த வாரம் கெஸ்ட் யாரும் இல்ல. நான் மட்டும்தான், கூடவே ஒரு ஃபில்டர் காபி.

சமீபத்துல வந்த வாய்ஸ் நோட்ஸ்ல கிட்டத்தட்ட ஒரே மாதிரி நாலஞ்சு வந்திருந்தது. ஒருத்தர் ஸ்கூல்ல இருந்து கூடப் படிச்ச நண்பரோட சேர்ந்து கல்யாண ஃபோட்டோகிராஃபி ஆரம்பிக்கப் போறார். இன்னொருத்தங்க ஹாஸ்டல் ரூம்மேட்டோட டெரகோட்டா நகை. எல்லாரும் கேட்டது லோகோ, இன்ஸ்டா பேஜ், முதல் கஸ்டமர் எப்படிக் கிடைப்பாங்கன்னு. நீங்க ரெண்டு பேரும் பிரிஞ்சா யாருக்கு எது போகும்னு ஒருத்தர்கூட கேக்கல. இன்னிக்கு அதைப் பத்தித்தான் பேசப் போறேன். கொஞ்சம் சட்டம் வரும். போர் அடிக்காம சொல்லப் பாக்கறேன்.

முதல்ல எங்க கதை. ரெகுலரா கேக்கறவங்களுக்குத் தெரியும், நான் பகல்ல ஓ.எம்.ஆர்ல ஒரு சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை பாக்கறேன். என் நண்பன் இன்ஜினியரிங்ல என் கிளாஸ்மேட். சிம்போசியம் போஸ்டர்ல இருந்து ஃபேர்வெல் டி-ஷர்ட் வரைக்கும் டிபார்ட்மெண்ட்ல எல்லாமே அவன் கையெழுத்துதான். தமிழ் எழுத்தை வரையறதுல அவனுக்கு ஒரு பைத்தியம். ‘ழ’வோட வாலை எங்கே முடிக்கறதுன்னு ஒரு ராத்திரி முழுக்க உக்காந்திருப்பான். அவன் எழுத்தை டி-ஷர்ட்ல, போஸ்டர்ல, நோட்டுப் புத்தக அட்டையில அச்சடிச்சு விக்கறதுதான் எங்க தொழில். துணி திருப்பூர்ல இருந்து வரும். அச்சு சென்னையில ஒரு சின்ன ஸ்க்ரீன் பிரிண்டிங் யூனிட்ல. வரையறது அவன். வெப்சைட், கணக்கு, கூரியர், கஸ்டமர் திட்டு எல்லாம் நான்.

ஒரு வருஷம் வீக்கெண்ட் வேலையாத்தான் போச்சு. அப்புறம் ஒருநாள் அவன், “மச்சான், நான் வேலைய விடறேன்டா. முழு நேரமா இதைப் பண்ணப் போறேன். ஃபிஃப்டி-ஃபிஃப்டி. ஓகேவா?”ன்னு கேட்டான். அவனுக்கு எஜுகேஷன் லோன் இன்னும் ஓடிட்டு இருந்தது. எனக்குக் கிடையாது.

அந்த வாரம் அவங்க அம்மா எனக்கு ஃபோன் பண்ணாங்க. சாப்பாடு, உடம்பு எல்லாம் விசாரிச்சுட்டு, “தம்பி, அவன் வேலைய விடறானாமே. நீயும் விடறியாப்பா?”ன்னு கேட்டாங்க. “இல்ல ஆன்ட்டி, நான் இப்போதைக்கு விடல”ன்னேன். “சரிப்பா”ன்னு சொல்லி வெச்சுட்டாங்க. அவ்வளவுதான். ஆனா அந்தக் கேள்விக்கு அப்புறம் எனக்கு ‘ஃபிஃப்டி-ஃபிஃப்டி’ங்கற வார்த்தை வேற மாதிரி கேக்க ஆரம்பிச்சது. தொழில் படுத்துட்டா எனக்கு நஷ்டம் கொஞ்சம் சேமிப்பும் வீக்கெண்டும்தான். அவனுக்கு வேலை, லோன், வீட்டுல இருக்கற பேச்சு எல்லாமே.

அதனால அடுத்த சந்திப்புல, “ஒரு பார்ட்னர்ஷிப் டீட் எழுதிக்கலாம்டா”ன்னு சொன்னேன்.

அவன் முகம் மாறிடுச்சு. “எங்கிட்டயே பத்திரமா?”ன்னு கேட்டான். அப்புறம் டீயைக் குடிச்சு முடிச்சுட்டு வண்டியை எடுத்துட்டுப் போயிட்டான். பத்து நாள் ஆர்டர் சம்பந்தமா மட்டும் மெசேஜ் வந்தது. “டா” கூட இல்லாத மெசேஜ். அந்தப் பத்து நாள் எப்படி இருந்திருக்கும்னு நெருங்கின நண்பன் இருக்கறவங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்ல.

அவன் கோபத்துலயும் நியாயம் இருக்கு. நம்ம ஊர்ல பத்திரம்னா வீடு, நிலம், கடன், இல்லேன்னா அண்ணன் தம்பிக்குள்ள சண்டை. கணக்குப் பாக்கறவன் நண்பனே இல்லங்கறதைச் சின்ன வயசுல இருந்தே கேட்டு வளர்ந்திருக்கோம். அதே ஊர்ல, தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறன்னும் சொல்லியிருக்காங்க. நாம எப்பவும் முதல்ல சொன்னதை மட்டும் ஞாபகம் வெச்சுக்கறோம்.

அந்தப் பத்து நாள்ல நான் உக்காந்து படிச்சது 1932ஆம் வருஷத்து இந்தியக் கூட்டாண்மைச் சட்டம். கோடு படிக்கற பழக்கம் இருக்கறவங்களுக்கு அது கஷ்டமே இல்ல, சின்னச் சின்னப் பிரிவுகள்தான். படிச்சப்போ ஒண்ணு தெளிவாச்சு. ரெண்டு பேர் சேர்ந்து லாபத்தைப் பங்கு போடற எண்ணத்தோட ஒரு தொழிலை நடத்தினாலே அது கூட்டுத் தொழிலா ஆயிடலாம். காகிதம் கட்டாயம் இல்ல. நீங்க எதையும் எழுதாம விட்டா, எழுதாத இடத்தையெல்லாம் சட்டம் தன் டீஃபால்ட்டை வெச்சு நிரப்பிடும். ஒப்பந்தமே இல்லாம நண்பர்கள் தொழில் பண்றாங்கன்னு ஒண்ணு கிடையவே கிடையாது. அவங்க படிக்காத ஒரு ஒப்பந்தம் இருக்கு, அவ்வளவுதான்.

அந்த டீஃபால்ட் என்ன? 13ஆவது பிரிவைப் பாருங்க. வேற மாதிரி பேசிக்கலைன்னா, லாபம் எல்லாருக்கும் சமம், நஷ்டமும் சமம். தொழிலுக்காக உழைக்கறதுக்குன்னு எந்தப் பார்ட்னருக்கும் தனியா சம்பளம் கிடையாது.

எங்க நிலைமைக்கு இதைப் பொருத்திப் பாருங்க. அவன் காலையில ஒன்பதுல இருந்து ராத்திரி வரைக்கும் வரையறான், பிரிண்டிங் யூனிட்ல போய் நிக்கறான். நான் சாயங்காலம் ரெண்டு மணி நேரம் லேப்டாப்பைத் திறக்கறேன். வருஷக் கடைசியில பாதி எனக்கு. அவன் உழைச்ச மணி நேரத்துக்குத் தனியா ஒரு ரூபாய்கூட இல்ல. அவன் ஆசையாக் கேட்ட ஃபிஃப்டி-ஃபிஃப்டி அப்படியே நின்னா லாபம் எனக்குத்தான்.

பத்தாவது நாள் அவன் வீட்டுக்கே போய் இந்தப் பிரிவை ஃபோன்ல காட்டினேன். ரெண்டு தடவை படிச்சான். “அப்போ பத்திரம் எனக்காகவாடா?”ன்னு கேட்டான். “ரெண்டு பேருக்கும்தான். ஆனா இந்த இடத்துல உனக்குத்தான் அதிகம்”னேன். அவங்க அம்மா உள்ள இருந்து, “எதுக்குடா சத்தமே இல்ல, சாப்பிடறீங்களா?”ன்னாங்க. சாப்பிட்டுக்கிட்டேதான் முதல் டிராஃப்ட் எழுதினோம்.

இன்னொரு பிரிவும் முக்கியம், 25. நிறுவனத்தோட கடனுக்கு ஒவ்வொரு பார்ட்னரும் சேர்ந்தும் பொறுப்பு, தனித்தனியாவும் பொறுப்பு. உங்க நண்பர் கடைக்காக மூணு லட்சத்துக்குத் துணி கடனா எடுத்து, அது விக்கலைன்னா, துணிக்காரர் முழு மூணு லட்சத்தையும் உங்ககிட்டயே கேக்கலாம். “நான் பாதி பார்ட்னர், பாதிதான் தருவேன்”ங்கறது அவர்கிட்ட செல்லாது.

இதை உலகத்துக்கே புரிய வெச்ச ஆள் ஒருத்தர் இருக்கார், ரொனால்ட் வெய்ன். 1976 ஏப்ரல் 1ஆம் தேதி ஆப்பிள் கம்பெனி ஒரு சாதாரண கூட்டு ஒப்பந்தமாத்தான் ஆரம்பிச்சது. ஸ்டீவ் ஜாப்ஸ் 45 சதவீதம், ஸ்டீவ் வோஸ்னியாக் 45, வெய்ன் 10. நண்பர்கள் ரெண்டு பேருக்கும் கருத்து வேறுபாடு வந்தா தீர்த்து வைக்கத்தான் அந்த 10 சதவீதம். மூணு பேர்ல அவர்தான் மூத்தவர், ஒப்பந்தத்தை எழுதினவரும் அவர்தான். 12 நாள்ல விலகிட்டார், 800 டாலர் வாங்கிக்கிட்டு. இன்டர்நெட்ல அவரை வெச்சு நிறைய மீம் ஓடுது, எத்தனை ஆயிரம் கோடியைக் கோட்டை விட்டார்னு. எனக்கு அந்த மீம் பிடிக்காது. ஜாப்ஸ் ஒரு பெரிய ஆர்டருக்காகக் கடன்ல பார்ட்ஸ் வாங்கினார். அது ஊத்திக்கிட்டா கடன்காரங்க யார் வீட்டுக் கதவைத் தட்டுவாங்க? ரெண்டு ஸ்டீவ்கிட்டயும் சொத்துன்னு எதுவும் இல்ல. வெய்ன்கிட்ட இருந்தது. கூட்டுத் தொழில்னா என்னன்னு அந்த மூணு பேர்ல சரியாப் படிச்சவர் அவர்தான்னு நான் நினைக்கறேன்.

உங்க தொழில்ல பெருசா கடன் வாங்க வேண்டி வரும்னா, எல்.எல்.பி. பத்தி ஆடிட்டர்கிட்ட கேளுங்க. அதுக்கு 2008ஆம் வருஷச் சட்டம் இருக்கு. அதுல நிறுவனத்தோட கடன் பொதுவா உங்க சொந்தச் சொத்து வரைக்கும் வராது. வருஷா வருஷம் பேப்பர் வேலை கூடும். நாங்க கடன்ல சரக்கே எடுக்கறதில்லைங்கறதால சாதாரணக் கூட்டுத் தொழிலாவே வெச்சிருக்கோம். ஆனா பதிவு பண்ணிட்டோம். பதிவு கட்டாயம் இல்லதான். ஆனா 69ஆவது பிரிவுப்படி, பதிவு இல்லாத நிறுவனம் பணம் தராத கஸ்டமர் மேல ஒப்பந்தத்தை வெச்சு கோர்ட்டுக்குப் போறதே கஷ்டம்.

சரி, இதெல்லாம் மளிகைக் கடைக்கும் பொருந்தும். படைப்புத் தொழில்ல இன்னொரு சிக்கல் இருக்கு. மளிகைக் கடையில பிரிஞ்சா அரிசி மூட்டையை எண்ணிப் பாதி பாதி எடுத்துக்கலாம். பாட்டை எப்படிப் பிரிப்பீங்க?

விஸ்வநாதன் - ராமமூர்த்தி ஞாபகம் வருதா? 1952ல ‘பணம்’ படத்துல ஆரம்பிச்சு 1965 வரைக்கும் ரெட்டையரா இசையமைச்சாங்க. ‘ஆயிரத்தில் ஒருவன்’ சமயத்துல பிரிஞ்சாங்க. திரும்ப 1995ல ‘எங்கிருந்தோ வந்தான்’ படத்துக்காகச் சேர்ந்தாங்க. அந்த 13 வருஷத்துப் பாட்டுல எந்த ட்யூன் யாரோடதுன்னு இன்னிக்கும் டீக்கடையில ரெண்டு பேர் அடிச்சுக்கலாம். டைட்டில்ல ரெண்டு பேர் பேரும் சேர்ந்தேதான் இருக்கு, அதுக்கு மேல வெளியில இருக்கறவங்களால பிரிக்க முடியாது. ஒருவேளை அதுதான் அந்தக் கூட்டணியோட அழகோ என்னவோ. ரசிகனா எனக்கு அது அழகு. கணக்கு எழுதறவனா எனக்கு வயித்தைக் கலக்குது.

இன்னொரு ஜோடியையும் சொல்லணும், டைரக்டர்கள் கிருஷ்ணன் - பஞ்சு. ‘பராசக்தி’ எடுத்தவங்க. 1984ல பஞ்சு இறக்கற வரைக்கும் அந்த ரெண்டு பேரும் ஒரே பேராத்தான் இருந்தாங்க. அதுல ஒரு விவரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். எடிட்டிங்கை பஞ்சு தனியா, ‘பஞ்சாபி’ங்கற பேர்ல பண்ணார். டைரக்‌ஷன்ல ரெண்டு பேரும் சேர்ந்து, எடிட்டிங் மேசையில ஒருத்தர். ஒரு இடமாவது ஒருத்தரோடதா இருந்தா மத்த இடத்துல சேர்ந்து நிக்கறது சுலபம்னு எனக்குத் தோணுது.

எங்க விஷயத்துக்கு வரேன். ஒரு எழுத்து ஓவியம் யாருக்குச் சொந்தம்? 1957ஆம் வருஷத்து காப்பிரைட் சட்டப்படி, வரைஞ்சவர்தான் முதல் உரிமையாளர். சம்பளத்துக்கு வேலை பாக்கறவர் வேலையோட பகுதியா வரைஞ்சா அது முதலாளிக்குப் போகும். ஆனா பார்ட்னர் வேலைக்காரர் இல்ல. அப்போ என் நண்பன் வரைஞ்சது அவனோடதா, நிறுவனத்தோடதா? எழுதலைன்னா நாளைக்கு ரெண்டு பக்கமும் வாதாடலாம். உரிமையை வேற ஒருத்தருக்கு மாத்திக் கொடுக்கறதா இருந்தா அது எழுத்துல, கையெழுத்தோட இருக்கணும். எத்தனை வருஷத்துக்குன்னு சொல்லலைன்னா அஞ்சு வருஷம்னு சட்டம் எடுத்துக்கும். எந்த நாட்டுக்குன்னு சொல்லலைன்னா இந்தியா மட்டும்.

டி-ஷர்ட், துணி, பை மாதிரி பொருள் பண்றவங்களுக்கு இன்னொண்ணு. டிசைன் சட்டத்துல பதிவு பண்ணத் தகுந்த ஒரு டிசைனைப் பதிவு பண்ணாம, மெஷின்ல 50 பொருளுக்கு மேல அதைப் போட்டுட்டா, அந்த டிசைனுக்கான காப்பிரைட் போயிடும்னு ஒரு பிரிவு இருக்கு. உங்க படம் அந்த வகையில வருமா, இல்ல தனி ஓவியமா நிக்குமாங்கறது வக்கீல்கிட்ட கேக்க வேண்டிய கேள்வி. முதல் 50 அடிக்கறதுக்கு முன்னாடி கேளுங்க.

நாங்க எழுதிக்கிட்டது இதுதான். எழுத்துகள் எல்லாம் அவனோடது. நிறுவனம் நடக்கற வரைக்கும் துணியிலயும் காகிதத்துலயும் அச்சடிக்கற உரிமை நிறுவனத்துக்கு. பிரிஞ்சா, கையில இருக்கற சரக்கை விக்க ஆறு மாசம், அதுக்கு அப்புறம் ஒரு போஸ்டர்கூட அடிக்கக் கூடாது. வெப்சைட் கோடு என்னோடது. நான் போனா மூணு மாசம் கூட இருந்து வேற ஒருத்தருக்குக் கைமாத்திட்டுத்தான் போகணும். டொமைன் பேரும் இன்ஸ்டா பேஜும் யாரோட சொந்த மெயில்லயும் இல்ல, தொழிலுக்குன்னு ஒரு தனி மெயில்ல இருக்கு. கடைப் பேரு, தொடர்ந்து நடத்தறவருக்கு. ரெண்டு பேருக்கும் வேணும்னா ரெண்டு பேருக்குமே கிடையாது. இது அவன் சொன்னது. நான் இந்த அளவுக்குக் கறாரா இருந்திருக்க மாட்டேன்.

பணம்: வர்ற லாபத்துல முதல்ல அவனுக்கு மாசம் 25,000. மிச்சம் இருந்தா அவனுக்கு 60, எனக்கு 40. அவனுக்குத் தர்ற சம்பளம் பத்திரத்துல இருந்தாத்தான் வருமான வரிக் கணக்குல நிறுவனத்தோட செலவாக் காட்ட முடியும், இதையும் ஆடிட்டர் சொல்லித்தான் தெரிஞ்சது. நான் அதிகமாப் போட்ட பணம் வட்டியில்லாக் கடன்னு எழுதியிருக்கு. இது என் தொழில், இத்தனை பணம் போட்டவன் நான்னு ஒரு நாள் என் வாயில வந்துடக் கூடாதுங்கறதுக்காக அது எழுதப்பட்டது.

எல்லாத்தையும் விட உதவினது, ‘யார் சொல்றது கடைசி’ங்கற பாரா. ஸ்க்ரீன் பிரிண்டிங்ல ஒவ்வொரு கலருக்கும் தனி ஸ்க்ரீன் போடணும். அஞ்சு கலர்னா அஞ்சு ஸ்க்ரீன். 60 பீஸ் அடிச்சாலும் 600 அடிச்சாலும் அந்தச் செலவு ஒண்ணுதான். அவனுக்கு எப்பவும் அஞ்சு கலர் வேணும். எனக்கு ரெண்டே போதும். பத்திரத்துல, டிசைன்ல அவன் வார்த்தை கடைசி, விலையில என் வார்த்தை கடைசின்னு இருக்கு. போன பொங்கலுக்கு அவன் அஞ்சு கலர்ல ஒரு ‘ஓ’ வரைஞ்சான். சரின்னு 899 ரூபாய் விலை வெச்சேன். “இந்த விலைக்கு யாரு வாங்குவா?”ன்னு கத்தினான். “கலரைக் குறை”ன்னேன். குறைக்கல. 60ல 41தான் வித்தது. மிச்சம் 19 எங்க வீட்டு அலமாரியில இருக்கு. ஆனா அந்தச் சண்டை டி-ஷர்ட்டைப் பத்தின சண்டையாவே முடிஞ்சது. அன்னிக்கு ராத்திரி மேட்ச் பாக்க அவன் வீட்டுக்குத்தான் போனேன்.

ஐ.டி.யில இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம் சொல்லிடறேன். 2022ல மூன்லைட்டிங் காரணமா விப்ரோ 300 பேரை அனுப்பினது ஞாபகம் இருக்கும். அது போட்டிக் கம்பெனிகளுக்கு வேலை பாத்ததுக்காக, உங்க டெரகோட்டா நகைக் கதை வேற. இருந்தாலும் உங்க அப்பாயின்ட்மென்ட் லெட்டரை எடுத்துப் படிங்க. வேற தொழில்ல பங்கு எடுக்க அனுமதி வேணும்னு இருக்கும். வேலையில இருக்கறப்போ நீங்க எழுதற கோடு கம்பெனிக்குச் சொந்தம்னும் இருக்கலாம். நான் ஹெச்.ஆர்.கிட்ட மெயில்ல அனுமதி வாங்கிட்டுத்தான் பத்திரத்துல கையெழுத்துப் போட்டேன். ஆஃபீஸ் லேப்டாப்ல எங்க வெப்சைட்டைத் திறக்கறதுகூட இல்ல.

இப்போ நிலவரம் என்னன்னு கேட்டா, அவன் வேலைய விட்டு 11 மாசம் ஆச்சு. அதுல ஏழு மாசம் அவனுக்கு முழு 25,000 கிடைச்சது. நாலு மாசம் கிடைக்கல, அந்தப் பாக்கி நோட்டுல ஏறியிருக்கு. வர்ற மார்ச்ல ரெண்டு பேரும் உக்காந்து பத்திரத்தை முழுசாப் படிச்சுப் பாக்கணும், அதுவும் அதுலயே எழுதியிருக்கு. அவன் திரும்ப வேலைக்குப் போகலாம்னு முடிவு பண்ணாலும் பண்ணலாம். போனா எழுத்து அவனோட போகும், எனக்கு 19 டி-ஷர்ட்டும் கொஞ்சம் கோடும் மிஞ்சும். அதைப் பத்தி நாங்க சிரிச்சுக்கிட்டே பேச முடியுது. போன வாரம் அவங்க அம்மா, “அந்தப் பேப்பர்ல என்னப்பா எழுதியிருக்கீங்க?”ன்னு கேட்டாங்க. ஒரு ஜெராக்ஸ் கொடுத்துட்டு வந்தேன்.

பங்குப் பிரிப்புல உங்களுக்கு இருக்கற கேள்விகளை வாய்ஸ் நோட்டா அனுப்புங்க, நண்பர் பேரைச் சொல்லாம. அடுத்த எபிசோட்ல ஒரு ஆடிட்டரைக் கூப்பிட்டிருக்கேன், ஜி.எஸ்.டி. பத்திப் பேசப் போறோம். டி-ஷர்ட் வேணும்னா மீடியம் சைஸ் மட்டும்தான் இருக்கு.